ஏழாம் கட்டம் காலி

ராயபுரத்தில் ஒரு குழந்தை பிறப்பதற்குத் தாய் ஒருத்தி இருந்தால் போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது ஒரு படிவமும் வேண்டும். படிவத்தில் ஏழு கட்டம், கட்டத்துக்கு இரண்டு சாட்சி. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும். நாம் லியோனார்டின் கதைக்கு வருவோம்.

லியோனார்டுக்குத் துறைமுகத்தில் டேலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னரின் நம்பரையும் சீல் நம்பரையும் கையிலிருக்கும் தாளோடு ஒப்பிட்டு டிக் போட வேண்டும். கண்ணால் பார்க்காததற்கு டிக் கிடையாது. சீட்டு இல்லாமல் எதுவும் கேட்டைத் தாண்டாது. ஒருமுறை சீல் நம்பரில் இருந்த எட்டு, மூன்று மாதிரியும் தெரிகிறதே என்று ஒரு பெட்டியைப் பதினான்கு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தான். உள்ளே இருந்த ஆப்பிள் அத்தனையும் அழுகிப்போனது. அவனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டில் மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருந்தான்.

அவன் மனைவி ஹில்டா காசிமேட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைப்பவள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான முதல் பிள்ளை இது. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி வந்தது, போனது. வலி மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை ராமசெல்வி கதவைத் தட்டினாள். நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, தோளில் ஒரு கைமைக். இயற்கைவழிப் பிரசவ ஊக்குவிப்பு மையத்தின் களப்பணியாளர்.

"தேதி தாண்டிருச்சாமே சார்? பயப்படாதீங்க. ஊசி இல்ல, மாத்திரை இல்ல. எல்லாம் இயற்கை வழி. படிவத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

கையெழுத்து என்றதும் லியோனார்டின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனா எப்போதும் அங்கேதான் இருக்கும்.

மையம் ஒரு ரேஷன் கடையின் மாடியில் இருந்தது. முப்பத்திரண்டு படி. கர்ப்பிணிகள் வந்துபோகிற இடத்தில் லிஃப்ட் ஏன் இல்லை என்று கேட்கக்கூடாது, படி ஏறுவதுதான் நான்காம் கட்டம். மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தால் முப்பது தம்பதிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மையத்தின் ஒருங்கிணைப்பாளர் லோகநாதன் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா.

"தாய்மார்களே! குழந்தை தானாகப் பிறந்துவிடும் என்று நினைப்பது மூடநம்பிக்கை. அதற்கு ஊக்கம் தர வேண்டும். எங்களிடம் ஏழு வழிகள் இருக்கின்றன. நடை, பேரீச்சம்பழம், அன்னாசி, படியேற்றம், காரசாரமான உணவு, மனமகிழ்ச்சி, அப்புறம் ஏழாவது. இவற்றால் வலி வருமா என்று சிலர் கேட்கிறார்கள். வரலாம், வராமலும் போகலாம். ஆனால் படிவம் நிரம்பும். அதற்கு நான் உத்தரவாதம். சென்ற ஆண்டு மட்டும் நாற்பதாயிரம் கட்டங்களை நிரப்பியிருக்கிறோம். எத்தனை குழந்தை என்று கேட்காதீர்கள். அது வேறு பிரிவு."

எல்லோரும் கை தட்டினார்கள். லியோனார்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. துறைமுகத்துக்கு வெளியே தன்னைப்போல் ஒரு மனிதரை இப்போதுதான் பார்க்கிறான்.

முதல் ஆறு கட்டமும் ஐந்து நாள் தொடர்ந்து நிரம்பி, ஏழாவதும் ஒருமுறை நிரம்பினால் மையம் ஒரு பரிந்துரைச் சீட்டுத் தரும். அதை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். 'மையத்தில் பதிந்தவர் மையத்தின் சீட்டின்றி மருத்துவமனை செல்வது திட்ட நெறிகளுக்கு முரணானது' என்று படிவத்தின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல அச்சடித்திருந்தார்கள். மற்ற கணவன்மார் பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை. லியோனார்ட் மூன்று முறை படித்தான்.

அன்று சாயங்காலமே நடை ஆரம்பமானது. ஆறாயிரம் அடி. ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசைகட்டி நிற்க, அந்தப் புழுதியில் ஹில்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். லியோனார்ட் அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு அடியாக எண்ணியபடி பின்னால் போனான். லாரி டிரைவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். கன்டெய்னரைத்தான் எண்ணுவார்கள் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது புதிதாக இருந்தது. சாட்சிக் கையெழுத்து டீக்கடையில். இரண்டே நாளில் தெரு முழுக்க விஷயம் பரவியது. "இன்னா டீச்சரு, இன்னிக்கு எத்தினி?" என்று ஜன்னலுக்கு ஜன்னல் விசாரிப்பு.

பேரீச்சம்பழம் ஆறு சாப்பிட்டால் ஆறு கொட்டையை மையத்தில் ஒப்படைக்க வேண்டும். ராமசெல்வி மேஜையில் கொட்டி எண்ணுவாள். இரண்டாம் நாள் ஐந்துதான் இருந்தது. ஆறாவதை ஹில்டா ஜன்னல் வழியாகத் துப்பியிருந்தாள். அந்த நாள் முழுக்கவே ரத்து. லியோனார்ட் வீட்டுக்கு வந்து, ஜன்னலுக்குக் கீழே சாக்கடை ஓரம் முட்டி போட்டு அரை மணி நேரம் தேடினான்.

ஆறாம் கட்டமான மனமகிழ்ச்சிக்குப் பல் தெரிய ஒரு போட்டோ. ஹில்டா போட்டோவில் சிரித்ததைப் பார்த்தால் நமக்கே பயமாக இருக்கும். ஆனால் பல் தெரிந்தது, டிக் விழுந்தது.

இனி ஏழாவது. அதில் அச்சடித்திருந்தது இவ்வளவுதான்: 'தம்பதியர் அந்நியோன்யம். ஆம் அல்லது இல்லை. சாட்சி ஒன்று. சாட்சி இரண்டு.'

மூன்றாம் நாள் மையத்தில் ஃபேன் சத்தம் அதிகமாக இருந்ததால் ராமசெல்வி மைக்கைக் கையில் எடுத்தாள்.

"டோக்கன் பதினாலு! லியோனார்ட், ஹில்டா! உங்க ஏழாவது கட்டம் மூணு நாளாக் காலியா இருக்கு. மத்தவங்க எல்லாரும் நிரப்பிட்டாங்க. உங்களுக்கு மட்டும் என்ன சார் பிரச்சினை? வீட்ல இடம் இல்லையா?"

முப்பது தம்பதிகளும் திரும்பினார்கள். அதில் ஒருவர் கோயில் பாட்டுக்குழுவில் லியோனார்டுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். லியோனார்டுக்குக் காது நுனி வரை சுட்டது. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ஆனால் தரைக்குக் கீழே ரேஷன் கடை, அங்கே இன்னும் தெரிந்தவர்கள் நிற்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஹில்டா காலை ஸ்டூலில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

"அத்தினி பேரும் டிக் போட்டுக் குடுத்துட்டு கம்னு போய்க்கினே கீறாங்க. நீயும் போட்டுத் தொலையேன்யா."

"நடக்காததுக்கு எப்டி ஹில்டா டிக் போட்றது? பொய்க் கையெழுத்தாயிடும். நாளிக்கு ஆடிட் வந்தா?"

"ஆடிட்டா? இத்த எவன்யா வந்து ஆடிட் பண்ணுவான்?" ஹில்டா தன் கால்களைக் காட்டினாள். "ரெண்டு காலும் பூசணிக்கா மாரி வீங்கிக் கீது. படுத்தா ஏந்திரிக்க முடியல. எனக்கு இப்போ அதான் கொறச்சலா?"

பதினோரு வருஷ சர்வீஸில் பார்க்காத ஒன்றுக்கு லியோனார்ட் டிக் போட்டதில்லை. நடக்காததை எழுதவும் மாட்டான், காலியாக விட்டால் சீட்டும் வராது. சரி, சாட்சிக் கையெழுத்தையாவது முதலில் வாங்கி வைப்போம், மற்றதைப் பிறகு யோசிக்கலாம் என்று தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனான். அவன் புத்தி போன போக்கு அப்படி.

ஆட்டோ ஓட்டும் ஃபிர்தௌஸ் அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். படிவத்தை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"மாமு, இத்தப் படிச்சிப் பாத்துட்டுத்தான் நீட்டுறியா?"

"ஒரே ஒரு கையெழுத்துதான்டா."

"இன்னாத்தடா பாத்தேன்னு நான் சாட்சி சொல்றது? எங்க வூட்ல தெரிஞ்சா எனக்குச் சோறு போடுவாளா?"

ஃபிர்தௌஸுக்கு இயல்பிலேயே குரல் பெரியது. ஸ்டாண்டில் இருந்த எட்டு ஆட்டோக்காரர்களும் இறங்கி வந்து, படிவத்தை ஆளுக்கு ஒருமுறை வாங்கிப் படித்தார்கள். அன்றிலிருந்து ஸ்டாண்டில் லியோனார்டுக்குப் பெயர் 'சாட்சி'. அவன் வேலைக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தான்.

ஏழாம் நாள் லோகநாதனிடம் மனு கொடுத்தான். ஏழாவது கட்டத்துக்கு மட்டும் விலக்கு.

லோகநாதன் மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "விலக்கா? தம்பி, இன்று ஏழாம் கட்டத்துக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு ஒன்பதாம் மாதத்துக்கே விலக்குக் கேட்பார்கள். சாட்சி எதற்கு என்கிறீர்கள். எல்லாக் கட்டத்துக்கும் இரண்டு சாட்சி என்பது பொதுவிதி. ஏழாவதை அதிலிருந்து எடுக்கச் சொல்லி நான்கு ஆண்டுக்கு முன்பே மேலே எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. பதில் வரும்வரை வெட்கப்படுவது உங்கள் கடமை, கேட்பது எங்கள் கடமை."

"சார், அவங்களுக்கு முடியல சார்."

"தெரியும். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்நியோன்ய அறை திறந்திருக்கிறோம். நாளை பதினொன்றரை மணிக்கு வாருங்கள். இருபது நிமிடம். வாட்ச்மேன் முதல் சாட்சி, எழுத்தர் இரண்டாவது. உள்ளே என்ன நடக்கிறது என்று நாங்கள் பார்க்கமாட்டோம். நாங்கள் என்ன அவ்வளவு கேவலமானவர்களா? உள்ளே போனீர்கள், வெளியே வந்தீர்கள், அதற்குத்தான் சாட்சி."

உள்ளே போனது, வெளியே வந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. லியோனார்டுக்கு ஏழு நாளில் முதல்முறையாக மனசு லேசானது.

மறுநாள் ஹில்டா முப்பத்திரண்டு படியையும் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினாள். அந்த அறை ஒரு காலத்தில் துடைப்பமும் பினாயிலும் வைத்திருந்த இடம். வாசலில் திறப்புவிழாக் கல்வெட்டு, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கொய்ங் என்று ஒரு டியூப் லைட், சுவரில் 'இங்கே எச்சில் துப்பாதீர்'. வாட்ச்மேன் நோட்டைத் திறந்து 'உள்ளே 11.40' என்று எழுதி, கதவைச் சாத்தினார்.

இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், பல் டாக்டரைப் பார்க்க வந்தவர்களைப் போல. வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம் கேட்டது. லியோனார்ட் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லியோ," என்றாள் ஹில்டா. அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "காலீலேர்ந்து புள்ள ஒதைக்கல. டெய்லி நாஸ்தா துன்னதும் ஒதைக்கும். இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கு பயமா கீது. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

லியோனார்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் பன்னண்டு நிமிஷம்தான் ஹில்டா. கையெழுத்து வாங்கிட்டா சீட்டுக்கு வழி பொறந்துடும். சீட்டு இல்லாம போனா கேட்லயே நிறுத்திட்டான்னா இன்னா பண்றது? கொஞ்சம் பொறுத்துக்கோ."

இதைச் சொன்னவன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டி மேல் பிரியம் இல்லாதவனும் இல்லை. அதுதான் கொடுமை.

ஹில்டா அவனைப் பார்த்தாள். வகுப்பில் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை இல்லை அது. கோபம்கூட அதில் இல்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, கதவைத் திறந்துகொண்டு போனாள். முப்பத்திரண்டு படியையும் தனியாக இறங்கினாள்.

லியோனார்ட் உடனே பின்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வாட்ச்மேனிடம் நின்று கையெழுத்து வாங்கினான். எழுத்தரிடம் போனான், அவர் சாப்பிடப் போயிருந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, ஹில்டா எதிரே நின்ற ஃபிர்தௌஸின் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஓடினான்.

"ஏறு மாமு," என்றான் ஃபிர்தௌஸ். அவன் சிரிக்கவில்லை. "ஏறு, இல்லாங்காட்டி வுட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்."

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதும் லியோனார்ட் முதலில் குதித்து, படிவத்தை நீட்டிக்கொண்டு முன்னால் போனான். பழக்கதோஷம். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த ஆயா கன்னியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாப்பா அது?"

"சீட்டும்மா. இன்னும் முழுசா வாங்கல. ரெண்டாவது சாட்சி சாப்ட போய்ட்டாரு. ஒரு மணி நேரத்துல கொணாந்து குடுத்துடறேன், அதுவரிக்கும் உள்ள வுட்டீங்கன்னா..."

"எவன்யா சொன்னான் சீட்டு வோணும்னு? புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு இன்னாத்துக்குச் சீட்டு?" கன்னியம்மா ஹில்டாவை அணைத்துப் படுக்க வைத்துக்கொண்டே பேசினாள். "நான் வந்து இருவது வருசமாச்சு. இந்த கேட்ட ஒரு நாளும் சாத்தி நான் பாத்ததில்ல. தள்ளு அந்தாண்ட, வழியில நின்னுக்கினு!"

லியோனார்ட் தள்ளி நின்றான். கேட்டைப் பார்த்தான். அது துருப்பிடித்து, மண்ணில் புதைந்து, சாத்த நினைத்தாலும் சாத்த முடியாதபடி திறந்து கிடந்தது. எட்டு நாளாகத் திறந்துதான் கிடந்திருக்கிறது.

உள்ளே எல்லாம் வேகமாக நடந்தது. குழந்தையின் நெஞ்சுத்துடிப்பு இறங்கியிருந்தது, உடனே ஆபரேஷன் என்றார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. லியோனார்டிடம் நின்று இரண்டே கேள்வி கேட்டார்.

"தேதி தாண்டி எட்டு நாள் ஆச்சே, என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

லியோனார்ட் நடையைச் சொன்னான், பேரீச்சம்பழத்தைச் சொன்னான்.

"நடந்தது நல்லதுதான். பேரீச்சம்பழமும் சாப்பிடலாம், ஒண்ணும் தப்பில்ல. அதோட எங்ககிட்டயும் வந்து காட்டணும்ல? ஏன் வரல?"

அவன் படிவத்தை நீட்டினான். டாக்டரம்மா முன்பக்கம் பார்த்தார். ஏழாவது கட்டத்தில் அவர் கண் ஒரு நொடி நின்றது. பின்பக்கம் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

பெண் குழந்தை. இரண்டேகால் கிலோ. அழக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் நின்றிருந்த லியோனார்டுக்கு அழுகிப்போன ஆப்பிளின் வாடை மூக்கில் அடித்தது. சத்தியமாக அடித்தது. அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, முகத்தைப் படிவத்தால் மூடிக்கொண்டு அழுதான்.

இரண்டு நாள் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் நம்பர் எழுதிய பட்டை. லியோனார்ட் வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த நம்பரை மட்டும் அவன் படிக்கவில்லை. வீட்டுக்கு மாற்றுத்துணி எடுக்கப் போனபோது பாராட்டுக் கடிதத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகினான்.

நான்காம் நாள் லோகநாதன் வார்டுக்கே வந்துவிட்டார். கூடவே ராமசெல்வி, ஒரு பொன்னாடை, போட்டோ எடுக்க ஓர் ஆள்.

"வாழ்த்துகள்! எங்கள் மையத்தின் ஐயாயிரமாவது வெற்றிப் பிரசவம் உங்களுடையது. ஏழாம் கட்டத்தில் ஒரு டிக் மட்டும் போட்டால் பொன்னாடை போர்த்திவிடலாம்."

"ஆபரேஷன் சார்," என்றான் லியோனார்ட்.

விரித்த பொன்னாடை அந்தரத்தில் நின்றது. "ஆபரேஷனா? அப்படியானால் எங்கள் வழியில் பிறக்கவில்லையா?"

"இல்ல சார்."

"எங்கள் வழியில் பிறக்காத குழந்தையைப் பிறந்தது என்று நாங்கள் எப்படி எழுதுவது? பதிவேட்டின்படி உங்கள் மனைவி இன்னும் கர்ப்பமாகத்தான் இருக்கிறார். நீங்களே டேலி கிளார்க். பார்க்காததற்கு டிக் போடுவீர்களா?"

"வாஸ்தவம்தான் சார்," என்று லியோனார்டின் வாய் சொல்லிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் சொல்லிவிட்டது.

ஹில்டா குழந்தையோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர்கள் போனார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு போன் அடித்தது. பதிவுசெய்த குரல். "வணக்கம். உங்கள் மனைவி இன்று ஆறாயிரம் அடி நடந்தாரா? ஆம் எனில் எண் ஒன்றை அழுத்தவும். மூன்று நாள் பதிலளிக்காவிட்டால் களப்பணியாளர் உங்கள் தெருவுக்கு வந்து விசாரிப்பார்." களப்பணியாளர் என்றால் ராமசெல்வி. ராமசெல்வி என்றால் மைக். லியோனார்ட் பாத்ரூம் ஓரமாகப் போய் ஒன்றை அழுத்தினான். பேரீச்சம்பழத்துக்கு இரண்டு, அன்னாசிக்கு மூன்று என்று வரிசையாக அழுத்தினான். நடக்காததற்கெல்லாம் டிக் போட்டான். மானம் போகாமல் இருக்க, பதினோரு வருஷ வைராக்கியம் போனது.

மூன்று மாதம் இப்படிப் போனது. குழந்தைக்கு அனிஷா என்று பேர் வைத்து ஞானஸ்நானமும் ஆனது. ஹில்டா அவனோடு பேசினாள், சோறு போட்டாள், சிரிக்கக்கூடச் சிரித்தாள். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. லியோனார்ட் அதை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. மாதாவிடம் சொல்லியாயிற்று. குடித்துவிட்டு ஃபிர்தௌஸிடமும் ஒருநாள் சொல்லி அழுதான். சொல்ல வேண்டியவளிடம் சொல்ல நினைக்கும்போதெல்லாம் அந்தப் பார்வை வந்து குறுக்கே நின்றது.

ஒரு சனிக்கிழமை. தோளில் அனிஷா, கையில் போன். பாத்ரூம் ஓரத்தில் ஐந்தாம் கேள்விக்கு அவன் அழுத்திக்கொண்டிருந்தபோது ஹில்டா வந்து நின்றாள்.

"யாருய்யா போன்ல?"

"ராங் நம்பரு."

"ராங் நம்பருக்கு டெய்லி பத்து மணிக்கு இன்னாத்த அழுத்தினு கீற?" போனை வாங்கினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்கள் மனைவி இன்று மனமகிழ்ச்சியுடன் இருந்தாரா?" என்று கேட்டது போன். "ஆம் எனில் எண் ஆறை அழுத்தவும்."

ஹில்டா எதையும் அழுத்தவில்லை. போனை அனிஷாவின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். பாலுக்கு நேரமாகியிருந்தது. அனிஷா காசிமேட்டுக் குரலில் வீல் என்று கத்தினாள்.

"மன்னிக்கவும்," என்றது போன். "உங்கள் பதில் பதிவாகவில்லை." அனிஷா இன்னும் ஒருமுறை கத்தினாள். "மன்னிக்கவும்," என்றது மறுபடியும்.

ஹில்டா போனை அணைத்தாள். லியோனார்டைப் பார்த்தாள்.

"பாத்தியா," என்றாள். "இந்த போனுக்குக்கூட அந்த வார்த்த வாயில வருது."

லியோனார்ட் குழந்தையோடு அப்படியே பாத்ரூம் வாசற்படியில் உட்கார்ந்தான். தலையை நிமிர்த்தாமலே, திக்கித் திணறி, அந்த ஒரு வார்த்தையை அவளிடம் சொன்னான். அப்போது அங்கே சாட்சிக்கு இருந்தது அனிஷா மட்டும்தான். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.